சொல்லும் வரிசை

நம் மன்றத்து இதழாசிரியர் அண்ணன் என்னிடம் கேட்டது ஒரு சிறுகதை. நான் கொடுப்பதோ ஒரு கட்டுரை. கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்று அவர் கோபிக்க மாட்டார்; காரணம் அவருக்குத் தெரியும். உங்களுக்கு அதைக் கடைசியில் சொல்கிறேன். பின்னால் சொல்லப்போவதை முன்னாலேயே வாக்களித்து வைப்பதும் ஒரு முறைதான். தொல்காப்பியர் மரபியலில் எண்ணிச் சொல்லும் முப்பத்திரண்டு உத்திகளுள் ‘மொழிவாம் என்றல்’ என்பது ஒன்று. அவர் இலக்கண நூல் செய்வோருக்குச் சொன்னார். கதை செய்வோர் கடன் வாங்கிக்கொண்டால் குற்றம் இல்லை.

வேதியியல் படிக்கிறவனுக்குக் கதையின் அமைப்பைப் பற்றி என்ன தெரியும் என்று இலக்கிய நண்பர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும். எனக்கு இந்த ஆராய்ச்சி தொடங்கியதே சோதனைச்சாலையில்தான். சென்ற பருவத்தில் ஒரு படிகத்தை வளர்க்க ஆறு முறை முயன்றேன். முதல் நான்கும் வீண். ஐந்தாம் முறை கரைசலை மூட மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தால் அடியில் படிகம் மின்னிக்கொண்டிருந்தது! ஆறாம் முறை வேண்டுமென்றே திறந்து வைத்தேன். ஆனால் அறிக்கையில் என்ன எழுதினேன்? ‘கரைசல் பன்னிரண்டு மணி நேரம் திறந்த நிலையில் வைக்கப்பட்டது’ என்று எழுதினேன். நான்கு தோல்விகளையும் ஒரு மறதியையும் அதில் காணோம். பொய் ஒன்றும் எழுதவில்லை. வரிசையை மாற்றினேன், சிலவற்றை விட்டேன், அவ்வளவே. நோபல் பரிசு பெற்ற உயிரியல் அறிஞர் பீட்டர் மெடவார் 1963-இல் பி.பி.சி. வானொலியில் பேசியபோது, அறிவியல் கட்டுரை என்பதே ஒரு மோசடியோ என்று கேட்டார். ஆராய்ச்சி நடந்த விதத்தைக் கட்டுரையின் அமைப்பே மறைத்துவிடுகிறது என்பது அவருடைய குறை.

விஞ்ஞானிக்குக் குறையாகத் தோன்றும் இதுவே கதைக்காரனுக்குத் தொழில். நிகழ்ச்சிகள் நடந்த வரிசை ஒன்று. அவற்றைச் சொல்லும் வரிசை வேறு. ரஷ்யாவில் விக்டர் ஷ்க்லோவ்ஸ்கி முதலிய திறனாய்வாளர்கள் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்விரண்டையும் பிரித்து இரு வேறு பெயர் கொடுத்தார்கள். பெயர் நமக்கு வேண்டா. நம் வீடுகளில் பேர் வைக்காமலே அந்த வேறுபாட்டைக் கையாண்டு வருகிறோம். என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

என் தந்தை சங்கரன்கோவில் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பிழைப்புக்காகக் கொச்சிக்கு வந்தவர். மட்டாஞ்சேரியில் ஒரு மலைச்சரக்குக் கிடங்கில் எடை பார்க்கும் வேலை. மிளகு, சுக்கு, ஏலம் எதுவானாலும் கையால் தூக்கிப் பார்த்து அவர் ஒரு கணக்குச் சொல்வார். தராசு பிறகு அதை ஒப்புக்கொள்ளும். இன்று நாங்கள் காக்கநாட்டில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அவர் இன்னும் மட்டாஞ்சேரிக்குத்தான் போய்வருகிறார். நான் சொல்லும் நிகழ்ச்சி நடந்தது 2010-இல். எனக்கு அப்போது எட்டு வயது. தங்கை பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. அம்மாவைப் பெற்ற பாட்டி துணைக்கு வந்திருந்தார்.

ஒரு நாள் மாலை ஊரிலிருந்து அத்தை அம்மாவுக்குப் போன் செய்தார். ஆச்சி, அதாவது அப்பாவின் தாய், மதியம் மூன்று மணிக்கு இறந்துவிட்டார். “தம்பிகிட்டே இப்பச் சொல்லிராதே. தனியா வாறவன். மேலுக்கு முடியலைன்னு மட்டும் சொல்லி அனுப்பு” என்றார் அத்தை. அப்பா வேலை முடிந்து வந்ததும் அம்மா அவ்வாறே சொன்னாள். “ரெண்டு நாள்லே வந்திருதேன்” என்று அவர் கிளம்பினார். துணிப்பையை அடுக்கிக் கொடுத்தவள் அம்மா. பதினாறாம் நாள் காரியம் முடியாமல் அவர் திரும்ப முடியாது என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே நான்கு வேட்டி, இருந்த சட்டைகள் எல்லாவற்றையும் அந்தப் பைக்குள் வைத்துவிட்டாள். அப்பா இரவு பஸ் ஏறிக் கோட்டயம், புனலூர், ஆரியங்காவு வழியாக விடியும்போது ஊர் சேர்ந்தார். அவருக்காகத்தான் காத்திருந்தார்கள்.

இதை அப்பா சொல்லும்போது எப்போதும் ஊரின் தெருமுனையில் தொடங்குவார். பந்தலைக் கண்டது, சங்குச் சத்தம் கேட்டது, பிறகு பஸ் பயணம், பிறகு ஆச்சியின் பழைய கதைகள் என்று பின்னோக்கிப் போவார். அம்மாவோ, போன் மணி அடித்தபோது அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது என்று தொடங்குவாள்; பையைக் கட்டி முடித்ததோடு நிறுத்திவிடுவாள். அதுவும் அப்பா வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும். ஒரே இரவு; ஒரே சாவு. கதை மட்டும் இரண்டு! நான் எழுத நினைத்த சிறுகதை இதுதான். நடந்த வரிசைப்படி எழுதி இதழாசிரியரிடம் கொடுத்தேன். ‘தம்பி, இது நாட்குறிப்பு’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகுதான் பெரியோர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கப் புறப்பட்டேன்.

பார்த்தவரையில் எனக்குப் பட்டது ஒன்று. கதையின் அமைப்பு என்பதை உத்தி உத்தியாகப் பிரித்துப் பெயர் சூட்டிக்கொண்டே போகலாம். பின்னோக்கு, முன்னறிவிப்பு, கதைக்குள் கதை என்று பட்டியல் நீளும். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. எது, யாருக்கு, எப்போது தெரியவேண்டும்? கதையில் வரும் மாந்தருக்கு எப்போது? படிக்கும் நமக்கு எப்போது?

திரைப்பட இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக் 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் திரூஃபோவுக்கு அளித்த நீண்ட பேட்டியில் இதற்கு ஓர் எளிய உவமை சொன்னார். இருவர் மேசையில் அமர்ந்து வெறும் பேச்சுப் பேசுகிறார்கள். மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருக்கிறது. அது நமக்குத் தெரியாமல் வெடித்தால் சில விநாடி அதிர்ச்சி. முன்னமே நமக்குக் காட்டிவிட்டால், அந்த வெறும் பேச்சே பதினைந்து நிமிடம் நம்மைத் துடிக்க வைக்கும். குண்டு ஒன்றே, பேச்சும் ஒன்றே. தெரிந்த நேரம்தான் வேறு.

ஹிட்ச்காக்கை மெச்சுகிற நாம் இளங்கோவடிகளை மறந்துவிடலாகாது. கொச்சியில் இருந்துகொண்டு சிலப்பதிகாரம் படிப்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு அன்றோ? வடக்கே பஸ் ஏறிப் பறவூர் தாண்டினால் கொடுங்கல்லூர்; கண்ணகியோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் பகவதி கோயில் அங்கே இருக்கிறது. நான் சென்ற ஆண்டு போய் வந்தேன். ஆனால் கோயிலைவிட நூலின் கட்டுக்கோப்புதான் என்னை வியக்க வைத்தது.

முதலில் பதிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குன்றக் குறவர் தாம் கண்ட அதிசயத்தை வந்து சொல்ல, உடன் இருந்த சாத்தனார் கோவலன் கொலையுண்டது, கண்ணகி வழக்குரைத்தது, மதுரைத் தெய்வம் முற்பிறப்பைக் கூறியது எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். முதற் காதைக்குள் நுழையும் முன்பே முடிவு நம் கையில்! பதிகம் பிற்காலத்தார் சேர்த்தது என்பாரும் உளர். அப்படியே வைத்துக்கொண்டாலும், ஒன்பதாவதாகிய கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி தன் கனவைத் தேவந்தியிடம் சொல்கிறாள். பெரியதொரு நகருக்குக் கணவனோடு போனது, பொருந்தாத பழி விழுந்தது, கோவலனுக்குத் தீங்கு நேர்ந்தது, மன்னனுக்கும் ஊருக்கும் கேடு வந்தது என்று எல்லாம் அதில் இருக்கின்றன. சொல்லி முடித்த அதே காதையில் கோவலன் வீடு திரும்புகிறான். சிலம்பு இருக்கிறது, கொள்ளுங்கள் என்று அவளே எடுத்துக் கொடுக்கிறாள். கனவு கண்டவள் கொடுக்கும் சிலம்பு அது என்பதை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது.

அந்தச் சிலம்பையே தனியாகப் பின்தொடர்ந்து பாருங்கள். முதலில் சுவரில் துப்பாக்கி தொங்கினால் பிறகு அது வெடித்தாக வேண்டும் என்று செகாவ் சொன்னதாக நம் விமர்சகர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். இளங்கோ செய்தது இன்னும் நுட்பமானது. நான்காவது காதையில் மாலைப்பொழுதில் பிரிந்து தவிக்கும் கண்ணகியைக் காட்டும்போது, அவள் காலில் சிலம்பு இல்லை என்கிறார். பொருள் முதலில் தோன்றுவதே இல்லாமையாக! ஒன்பதாவதில் அது கணவன் கைக்கு வருகிறது. பதினாறாவதில் பொற்கொல்லன் அதன் வேலைப்பாட்டை உற்று நோக்குகிறான். மணியும் வயிரமும் பதித்த வெளியழகு முழுவதும் நமக்குச் சொல்லப்படுகிறது. உள்ளே இருக்கும் பரல் என்ன என்ற பேச்சு, இருபதாவதாகிய வழக்குரை காதையில், அரசன் முன்னிலையில்தான் எழுகிறது. அதற்குமேல் ஒரு நொடிகூட வழக்கு நிற்கவில்லை.

இவையெல்லாம் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். என்னை நிறுத்திவைத்த இடம் வேறு. கொலைக்களக் காதையில் ஆயர் சேரியில் கண்ணகி சமைக்கிறாள். மாதரி கொடுத்த காய்களை அரிகிறாள். ஐயை உடன் உதவுகிறாள். தரையை நீர் தெளித்து மெழுகி, வாழைக் குருத்தை விரித்துக் கணவனுக்குப் படைக்கிறாள். விரைவில் கொலை நடக்கவிருக்கும் காதையில் இத்தனை நிதானம் எதற்கு? உண்டு முடித்து அவன் சிலம்போடு கிளம்பும்போது திமில் பெரிய காளை ஒன்று எதிரே பாய வருகிறது. ஆயருக்கு அது தீய நிமித்தம். வணிகர் குலத்துப் பிறந்த கோவலனுக்கு அது தெரியாது. தெரியாமலே போகிறான். கொலையோ ஓரிரு அடிகளில் முடிந்துவிடுகிறது. படிப்பறிவற்ற ஒரு குடிகாரன் வாளை வீசிவிடுகிறான். சோறு இடுவதற்கு நேரம் உண்டு. கொல்வதற்கு நேரம் இல்லை. எதை நீட்டுவது, எதைச் சுருக்குவது என்பதும் சொல்லும் வரிசையின் ஒரு பகுதி என்று அங்கேதான் எனக்கு விளங்கியது.

இனி அடுத்த காதையைப் பாருங்கள். கோவலன் வெட்டுண்டு கிடக்கிறான். கண்ணகிக்குச் செய்தி போய்ச் சேருவது பதினெட்டாவதாகிய துன்ப மாலையில். இரண்டுக்கும் இடையில் இளங்கோ என்ன வைத்தார்? ஒரு கூத்தை வைத்தார்! ஆய்ச்சியர் குரவை. பால் உறையவில்லை, காளையின் கண்ணில் நீர் வடிகிறது, வெண்ணெய் உருகவில்லை. ஏதோ கேடு வரப்போகிறது என்று அஞ்சிய மாதரி, கண்ணகியும் காணட்டும் என்று சொல்லிக் குரவை ஆட வைக்கிறாள். ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணகிக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். மாயவன் புகழைப் பாடும் அந்த இனிய பாடல்களைப் பிள்ளைப் பருவத்தில் தனியே மனப்பாடம் செய்தபோது இன்பமாக இருந்தது. கதையின் வரிசையில் வைத்துப் படித்தபோது என்னால் அந்த இனிமையைத் தாங்க முடியவில்லை. மேசைக்கு அடியில் குண்டு வைப்பது இதைவிட எளிது.

ஒரு காதை நேரம் நமக்குத் தெரிந்து, கண்ணகிக்குத் தெரியாமல் இருந்தது. ஓர் இரவு முழுவதும் அம்மாவுக்குத் தெரிந்து அப்பாவுக்குத் தெரியாமல் இருந்தது. என் கதையை எங்கிருந்து சொல்ல வேண்டும் என்பது அன்றே முடிவாகிவிட்டது என்று நினைத்தேன். போனில் தொடங்க வேண்டும். செய்தியைப் படிப்பவருக்கு முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். பிறகு அப்பாவைப் பஸ்ஸில் ஏற்ற வேண்டும். கோட்டயத்தில் அவர் தேநீர் குடித்தால் அந்தத் தேநீரும் குரவைப் பாட்டாகிவிடும்!

ஆனால் புதுமைப்பித்தன் குறுக்கே வந்தார். 1943-இல் அவர் எழுதிய ‘செல்லம்மாள்’ நம்மைப் போலப் பிழைக்கப் போனவர்களின் கதை. பிரமநாயகம் பிள்ளை சென்னையில் ஒரு ஜவுளிக்கடைச் சிப்பந்தி. மனைவி தீராத நோயாளி. சொந்த ஊருக்குப் போக வேண்டும் என்ற ஏக்கம் அவளுக்கு. கதை தொடங்கும்போதே அவள் இறந்துவிடுகிறாள். பிழைப்பாளோ மாட்டாளோ என்ற ஆவலை ஆசிரியர் தாமே முதல் வாக்கியத்தில் கொன்றுவிடுகிறார். அந்த உடலின் அருகே ஒரு மனிதர் அழாமல் இருக்கிறார். அவரைப் பற்றி நாம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். அதன் பிறகுதான் கதை பின்னே சென்று, அவர் அவளுக்குச் செய்த பணிவிடைகளையும், கடைக்கும் வீட்டுக்கும் நடந்த நடையையும், அவளுடைய கடைசி இரவையும் காட்டுகிறது. மீண்டும் அந்த உடலின் அருகே வந்து சேரும்போது, முதலில் பார்த்த அதே மனிதர் நமக்கு வேறு மனிதராகிவிடுகிறார். நடந்த வரிசையில் எழுதியிருந்தால் இது ஒரு நோயாளியின் கதையாகியிருக்கும். முடிவை முதலில் வைத்ததனால் அழாத ஒருவரின் கதையாயிற்று.

தெருமுனையில் தொடங்கும் என் தந்தை புதுமைப்பித்தனைப் படித்தவர் அல்லர். ஆயினும் அவர் முறை அதுவே.

முடிவை முதலில் வைப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981-இல் வெளிவந்தது. அதன் நாயகன் ஜோசப் ஜேம்ஸ் ஒரு மலையாள எழுத்தாளன். அவனைத் தேடிச் செல்பவன் பாலு என்னும் தமிழன். தொடக்கத்திலேயே ஜே.ஜே. இறந்த நாள் சொல்லப்படுகிறது: 1960, ஜனவரி 5. பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு கார் விபத்தில் இறந்ததற்கு மறுநாள். காம்யு இறந்தது மெய், தேதியும் மெய். மெய்யான சாவு ஒன்றின் பக்கத்தில் கற்பனைச் சாவு ஒன்றை நிறுத்திவிட்டார்! நான் என் மலையாள நண்பன் ஒருவனிடம், உங்கள் மொழியில் ஜோசப் ஜேம்ஸ் என்று ஒருவர் இருந்தாராமே என்று கேட்டேன். அவன் பாவம், நூலகத்தில் அரை நாள் தேடினான். நூலின் பின் பகுதியோ ஜே.ஜே.யின் நாட்குறிப்புகள். கதையாக ஓடாது, துண்டு துண்டாக நிற்கும். இறந்தவனைப் பற்றி இருப்பவன் எவ்வளவுதான் அறிய முடியும்? குறிப்புகளாகத்தான் அறிய முடியும் என்று அமைப்பே சொல்லிவிடுகிறது. இதழாசிரியர் என் கதையை நாட்குறிப்பு என்று பழித்தபோது இந்த நூலைக் காட்டி வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. அதே 1981-இல் கொலம்பியாவின் கார்சியா மார்க்கேஸ், ஒரு கொலையை முதல் வாக்கியத்திலேயே அறிவித்துவிட்டு, ஊருக்கே தெரிந்தும் ஏன் தடுக்கப்படவில்லை என்று நாவல் முழுதும் தேடினார். முன்னறிவித்த சாவின் கதை என்றே அதற்குத் தலைப்பு.

நமக்குக் குறைவாகத் தெரியச் செய்வதும் ஒரு வழி. எர்ணாகுளத்தில் ஒரு காலத்தில் புத்தகக் கடை வைத்திருந்த வைக்கம் முகம்மது பஷீரின் ‘மதிலுகள்’ அதற்குச் சான்று. சிறையின் மதிலுக்கு இப்பால் கைதியான பஷீர். அப்பால் பெண்கள் சிறையில் நாராயணி. அவளை அவர் பார்த்ததில்லை. ஆகவே நாமும் பார்ப்பதில்லை. அவள் அங்கே நிற்கிறாள் என்பதற்கு மதிலுக்கு மேலே எழும் ஒரு காய்ந்த சுள்ளிதான் அடையாளம். இருவரும் சந்திக்க நாள் குறித்த பின், அதற்கு முன்பே அவருக்கு விடுதலை வந்துவிடுகிறது. மதிலுக்கு அப்புறம் ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்திருந்தாலும் கதை சிதைந்திருக்கும். அசோகமித்திரன் ‘கரைந்த நிழல்கள்’ நாவலில் வேறு வழி கண்டார். திரைப்படத் தொழிலைப் பற்றிய அந்நூலில் ஒருவரும் கடைசி வரையில் நாயகராக நிலைப்பதில்லை. ஒருவர் பின் ஒருவராக மையத்துக்கு வந்து விலகிப்போகிறார்கள். அந்தத் தொழிலில் மனிதர்கள் அப்படித்தான் கரைகிறார்கள் போலும். இதைப் பற்றி அதிகம் எழுத ஆசை. என் கதைக்கு அது உதவவில்லை.

உதவியது கம்பன். இலங்கையிலிருந்து திரும்பிய அனுமன், இராமனிடம் பேசும்போது, பார்த்துவிட்டேன் என்னும் பொருள்படும் சொல்லையே முதலில் வைத்தான். இல்லையேல் அடுத்த சொல் வருவதற்குள் இராமன் உள்ளம் என்ன பாடு படுமோ என்று அஞ்சினான். இதைப் பட்டிமன்றங்களில் கேட்டுக் கேட்டு நமக்குச் சலித்துவிட்டது. ஆனால் அதற்குச் சற்று முன்னால் நடப்பதைப் பலர் விட்டுவிடுவார்கள். வந்த அனுமன் இராமன் அடியை வணங்கவில்லை. சீதை இருக்கும் திசையை நோக்கித் தரையில் விழுந்து வணங்கினான். அவன் வாய் திறப்பதற்கு முன்பே, அந்தச் செய்கையைக் கொண்டே, அவள் நலமாக இருக்கிறாள், இவன் கண்டு வந்திருக்கிறான் என்று இராமன் உணர்ந்துகொண்டான். சொல் பிறகுதான் வருகிறது. சொல்லுகிறவன் வரிசையை எவ்வளவு எண்ணி அடுக்கினாலும், கேட்கிறவன் வேறொரு குறிப்பிலிருந்து முன்னதாகவே அறிந்துவிடக் கூடும். இதைப் படித்தபோது கம்பனின் நயம் என்று குறித்துக்கொண்டேனே தவிர, என் கதைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கதையை நான்காம் முறையாக எழுதி முடித்தேன். போனில் தொடக்கம், செய்தி முதலில், பிறகு ஒன்றும் அறியாத அப்பாவின் பயணம். அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவிடம் கேட்டேன், உனக்குத் தெரிந்திருந்தது என்று எழுதலாமா என்று. “பதினைஞ்சு வருசம் ஆச்சு. இனிமே என்ன? வாசி” என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இருவரையும் உட்கார வைத்து வாசித்தேன். போன் மணி, அடுப்பில் பால், அத்தை சொன்னது, பை கட்டியது. அப்பா ஒன்றும் பேசவில்லை. பஸ் கோட்டயம் போய்ச் சேர்ந்தது. கடையில் இறங்கி, அம்மை பிழைத்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டே அவர் தேநீர் குடிப்பதாக எழுதியிருந்தேன். அந்த இடத்தில் கையை உயர்த்தினார்.

“எனக்கு வீட்டு வாசல்லேயே தெரியும்” என்றார்.

நான் விழித்தேன். அம்மா அதைவிட விழித்தாள்.

“பையைத் தூக்கினேன்லா? ரெண்டு நாளைக்கு ஒன்பது கிலோ எதுக்கு?”

“அப்போ கேட்டிருக்கலாமே அப்பா?”

“கேட்டா உங்க அம்மை அழுவா. பச்சை உடம்பு. பிள்ளைக்குப் பால் கொடுக்கணும்.”

அம்மா எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அன்று இரவு இருவரும் வழக்கத்தைவிடக் குறைவாகவே பேசிக்கொண்டார்கள். மறுநாள் காலையில் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னவென்று எனக்குச் சொல்லவில்லை.

கதையைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பதுதான் அம்மாவுக்குத் தெரியாது. படிப்பவரை இந்த மூன்றில் எங்கே நிறுத்துவது? பையின் கனத்தை வாசலிலேயே சொல்லிவிட்டால் பஸ் பயணம் முழுவதும் அவர் தனியாகத் துக்கம் காத்த பயணமாகிவிடும். ஆரியங்காவு தாண்டிய பிறகு சொன்னால், அதுவரையில் வந்த ஒவ்வொரு வரியையும் படிப்பவர் மீண்டும் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். சொல்லாமலே விட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பதை மட்டும் எழுதலாமா என்றும் ஒரு யோசனை ஓடுகிறது. ஐந்தாம் முறையாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதழ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்று ஆசிரியர் அண்ணன் சொல்லிவிட்டார். அதனால்தான் கட்டுரை.